நம் மலையில் கண்மூடிய பெர்சிவல் பாதிரியார்



யூபிலி மலருக்காக ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு சில மாதங்களுக்கு முன் பூசை வேளையில் கேட்டுக்கொண்டோம். உபதேசியாராக உழைத்த பாட்டனார், கோயில் மணி அடித்த பெரியப்பா, காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய் என்று பலரைப் பற்றிய குறிப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. ஒரு மாலை, ஜெபமாலை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நோட்டுப் புத்தகத் தாள் இரண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்கத் தயங்கினார்.

"சாமி, எங்க அம்மாயியைப் பத்தி எழுதியிருக்கோம். ஆனா அவங்க கடைசிமட்டும் அவங்க சபையை விடலீங்க. நம்ம மலர்ல போடலாமுங்களா?" என்றார்.

அத்தாள்களை அன்றிரவு வாசித்தோம். அந்த அம்மாயி பிறந்தது பிரிந்த சகோதரரின் சபையில். மகளைக் கத்தோலிக்க வீட்டில் கட்டிக்கொடுத்து, கணவர் மறைந்தபின் அம்மகள் வீட்டிலேயே வந்து தங்கியவர். பனி கொட்டும் விடியற்காலையில் எழுந்து, விளக்கைக் கொளுத்தி, வேதப் புத்தகத்தை மடியில் வைத்து வாசிப்பாராம். பேரப்பிள்ளைகள் அனா, ஆவன்னா கற்றது பள்ளிக்கூடத்தில். கூட்டி வாசிக்கக் கற்றதோ அம்மாயியின் பெரிய எழுத்து வேதப் புத்தகத்தில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி நம் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அவர் தம் கோயிலுக்குத் தனியே நடந்து போவார். மே மாதத்தில் மாதா சுரூபம் வீட்டுக்கு வரும்போது வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து, மூலையில் கைகூப்பி உட்கார்ந்திருப்பார். இறந்தபின் அவரை அவருடைய சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு முடிந்ததும், அக்குடும்பத்தார் யாரிடமும் சொல்லாமல், ஏதோ தவறு செய்பவர்போல, ஒரு மெழுகுதிரியும் கொஞ்சம் பூவும் எடுத்துக்கொண்டு அம்மாயியின் கல்லறைக்குப் போய் வருகிறார்களாம்.

"ஏதோ தவறு செய்பவர்போல" என்ற சொற்கள் நம் நெஞ்சைத் தைத்தன. அத்தாய் கேட்ட கேள்விக்கு ஆமென்றோ இல்லையென்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று. இம்மலையில் வாழும் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில், ஒரு தலைமுறையிலாவது, மருமகளோ மருமகனோ வேறு சபையிலிருந்து வந்தவராக இருப்பார். ஆகவே நம் மலையின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்ல விரும்பினோம். அதற்கு ஏற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாழ்நாளெல்லாம் தமிழுக்கும் திருமறைக்கும் உழைத்து, இறுதியில் ஏற்காட்டில் கண்மூடியவர். அவர்தாம் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

மலையும் வந்து சேர்ந்தோரும்

ஏரியும் காடும் சூழ்ந்த இவ்வூரில் ஆதிமுதல் வாழ்பவர்கள் மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள். இம்மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன் கோயிலும் அவர்களுடையதே. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-ஆம் ஆண்டளவில் இங்கே காபி பயிரிடத் தொடங்கியபின், தோட்டங்கள் பெருகின, துரைமார் வந்தனர், அவர்களோடு தோட்ட வேலைக்காகக் கீழ்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. கிறிஸ்தவமும் பல பாதைகளில் மலையேறியது. ஆங்கிலேயருக்காகத் திரித்துவ ஆலயம் எழுந்தது. நம் திருச்சபையின் பக்கம், 1894-இல் குளூனி நகர் சூசையப்பர் சபைக் கன்னியர் திரு இருதயக் கன்னியர் மடத்தையும் பள்ளியையும் இங்கே நிறுவினர். 1917-இல் மான்போர்ட் பள்ளி தொடங்கிற்று. 1930-இல் சேலம் தனி மறைமாவட்டம் ஆயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, மலையடிவாரத்துச் சேலத்தில் நம் விசுவாசத்தின் வித்து ஊன்றப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. மதுரையிலிருந்து புறப்பட்ட தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் 1623-இல் சேலத்துக்கு வந்து மறைப்பணி தொடங்கினார். தமிழைத் தம் தாய்மொழிபோல் பேசியும் எழுதியும், தமிழர்போல் உண்டும் உடுத்தும் வாழ்ந்த அம்மகான் நம் முன்னோர். அவரை நாம் எளிதில் உரிமை கொண்டாடுகிறோம். அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக்குப்பின் வந்து, அவரைப்போலவே தமிழில் மூழ்கிய பெர்சிவல் பாதிரியாரை உரிமை கொண்டாட நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அவர் மதிலுக்கு அப்பால் இருந்தவர்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்

பெர்சிவல் 1803-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் பிறந்தவர். மெதடிஸ்த சபையின் குருவாகி, 1826-இல் இலங்கைக்கு வந்தார். இடையில் சில காலம் வங்காளத்தில் பணியாற்றியது நீங்கலாக, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவருடைய உழைப்பு யாழ்ப்பாணத்திலேயே அமைந்தது. இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் பள்ளியை 1834 முதல் சீர்படுத்தி வளர்த்தவர் அவரே. ஆண் பிள்ளைகளுக்குக் கல்வி போதும் என்று எண்ணியிருந்த அக்காலத்தில், பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் அவரும் அவருடைய சபையாரும் பாடுபட்டனர். இன்றும் புகழோடு விளங்கும் வேம்படி மகளிர் பள்ளியின் வேர் அந்த உழைப்பில் உள்ளது.

தமிழைக் கற்றுக்கொண்ட மிஷனரிமார் பலர். பிரசங்கம் செய்யும் அளவுக்குக் கற்று அமைந்தவரே அவர்களுள் மிகுதி. பெர்சிவலோ சந்தையிலும் வயல்வரப்பிலும் கிணற்றடியிலும் மக்கள் பேசிய பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்ட பழமொழிகளை எழுதி வைத்தார். 1840-களில் யாழ்ப்பாணத்தில் அவற்றை முதலில் அச்சிட்டார். அதன்பின்னும் முப்பது ஆண்டுகள் விடாமல் சேர்த்து, 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் வெளியிட்டார். நம் பாட்டிமார் வாய்மொழியாய்ச் சொல்லி, நாம் கேட்டும் கேளாதவர்போல் போன வார்த்தைகளை, கடல்கடந்து வந்த ஒருவர் பொன்போல் போற்றிக் காத்தார். வீட்டுப் பெரியவர்கள் பேசியதை எழுதி வைக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

ஒரே மேசையில் இருவர்

அவருடைய பெரும்பணி திருமறையைத் தமிழில் மொழிபெயர்த்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-லேயே தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் அச்சேறியது. பின்னர்ப் பப்ரிசியுஸ் ஐயரும், அவருக்குப்பின் இரேனியுஸ் ஐயரும் மொழிபெயர்த்தனர். எனினும், கற்றோரும் மதிக்கும் நடையில், மூலத்துக்கும் பழுதின்றி ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தாரிடம் இருந்தது. அப்பணி பெர்சிவலின் தலைமையில் நடைபெற்றது.

அப்பணிக்குத் துணையாக அவர் தெரிந்துகொண்டவர் யார்? தம் பள்ளியிலேயே பயின்று, 1841-இல் அங்கேயே ஆசிரியராக அமர்ந்த ஓர் இளைஞர். நல்லூரில் 1822-இல் பிறந்த அந்த இளைஞரே பிற்காலத்தில் சைவ உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஆறுமுக நாவலர். நெற்றியில் திருநீறு துலங்க, தம் சமய ஆசாரங்களில் சிறிதும் குறைவின்றி, நாவலர் அப்பள்ளிக்கு வந்து போனார். பாதிரியார் அதைத் தடுக்கவில்லை. மொழிபெயர்ப்பு என்பது விலை பேசி வாங்கும் சரக்கு அன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் இருவர் மனமும் ஒத்து உட்காரவேண்டும். திருமறையின் பொருளைப் பெர்சிவல் சொல்வார். தமிழின் வழக்கை நாவலர் சொல்வார். இவ்வாறு ஆண்டுகள் பல உருண்டன. 1848-இல் இருவரும் சென்னைக்குச் சென்று, தங்கள் மொழிபெயர்ப்பைத் தமிழ் வித்துவானாகிய மகாலிங்கையரிடம் காட்டினர். அவர் அதன் நடையை மெச்சினார் என்பது நாவலர் சரித்திரத்தில் புகழ்பெற்ற செய்தி.

அந்த ஆண்டிலேயே நாவலர் பள்ளியைவிட்டு விலகினார். தம் சைவத்தைப் பாதுகாக்கவும் பரப்பவும் வாழ்வை ஒப்படைப்பதென்று அவர் துணிந்துவிட்டார். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லி, பெர்சிவல் அவரை இருக்கும்படி வேண்டினார் என்று சரித்திரம் எழுதியோர் கூறுவர். நாவலர் இசையவில்லை. அவ்வாண்டே வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர்க் கிறிஸ்தவ மிஷன்களை எதிர்த்து அவர் எழுதிய எழுத்துகள் கடுமையானவை. பிள்ளையைப்போல் வளர்த்த மாணவர் எதிர்ப்பக்கம் நின்றதைக் காண்பது எந்த ஆசிரியருக்கும் எளிதன்று. ஆயினும் அவ்விருவரும் சேர்ந்து உழைத்த பணி வீண்போகவில்லை. அவர்கள் மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. தென்பாண்டி நாட்டு மிஷனரிகள் அதனை ஏற்காததால், சபைகளில் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. போவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871-இல் வந்த திருத்தமே சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. எனினும், பின்வந்தோர் நடப்பதற்கு அதுவும் ஒரு படிக்கட்டாயிற்று. இன்னொரு பக்கத்தில், தமிழ் உரைநடைக்குத் தந்தை என்று போற்றப்படும் நாவலரின் கை, பழகிய இடங்களில் ஒன்று திருமறைப் பணியாகவே இருந்தது. இறைவனின் திருவுளம் எவ்வழியெல்லாம் செயல்படுகிறது பாருங்கள்!

சென்னையும் ஏற்காடும்

1850-களின் தொடக்கத்தில் பெர்சிவல் மெதடிஸ்த சபையினின்று நீங்கி, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தார். இந்திய நாட்டின் சமயங்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1854-இல் லண்டனில் வெளிவந்தது. பின்னர்ச் சென்னையில் தங்கி, 1855-இல் 'தினவர்த்தமானி' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கி நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து சி.வை. தாமோதரம் பிள்ளையை அவ்விதழின் பணிக்கு அழைத்துவந்தவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறி, பின்பு தொல்காப்பியம், கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த அதே தாமோதரம் பிள்ளை! பெர்சிவல் மாநிலக் கல்லூரியில் வடமொழிக்கும் நாட்டுமொழிகளுக்கும் பேராசிரியராகவும் விளங்கினார். தமிழ் அகராதிப் பணியிலும் ஈடுபட்டார். இவ்வாறு உழைத்துக் களைத்த அம்முதியவர், ஏறத்தாழ எண்பது வயதில், 1882-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் ஏற்காட்டில் உயிர்நீத்தார். மலையில் மழையும் மூடுபனியுமான மாதம் அது. அப்போது நம் கன்னியர் மடம் இல்லை, மறைமாவட்டமும் இல்லை. நம் குருக்கள் புதுச்சேரி மிஷனிலிருந்து வந்துபோன காலம்.

மாமனாரோடு இம்மலையின் உறவு முடிந்துவிடவில்லை. அவர் மகளை மணந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் துரை. 1834-இல் பிறந்து, 1858-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் செம்மண் குழியொன்றில் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியை அவர் கண்டெடுத்தார். இந்திய நாட்டில் மனிதனின் தொன்மையை ஆராயும் துறையே அன்று பிறந்தது எனலாம். அதே ஆண்டில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் திருவள்ளூரை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டனர். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டு பழமையானவை என்று நம் நாட்டு ஆய்வாளர் 2011-இல் அறிவித்தனர். ஓய்வு பெற்றபின் பூட் ஏற்காட்டில் குடியிருந்தார். இம்மலைச்சரிவுகளிலும் அவர் கற்கோடரிகளைத் தேடிச் சேர்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய பொருள்கள் இன்றும் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாவில் இருந்தபோது அவர் இறந்தார். அவருடைய சாம்பல் அத்தனை தூரம் கடந்து ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது. அது இன்றும் அங்கே இருக்கிறது. மாமனார் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப்பின் மருமகனும் அதே மலைக்கு வந்து சேர்ந்தார்.

மாமனார் இறைவனின் வார்த்தையை ஆராய்ந்தார்; மருமகன் இறைவன் படைத்த மண்ணையும் கல்லையும் ஆராய்ந்தார். திருமறையும் படைப்பும் ஒரே ஆசிரியர் எழுதிய இரண்டு நூல்கள் என்று திருச்சபையின் வேத வல்லுநர் கூறுவதுண்டு. அவ்விரு நூல்களையும் ஒரு குடும்பத்தார் பங்கிட்டு வாசித்தது நம் மலைக்குக் கிடைத்த பேறு. இன்று புதைபொருள் ஆராய்ச்சி செய்வோர் மருமகனைத் தேடி ஏற்காட்டுக்கு வருகிறார்கள். மாமனாரைத் தேடி வருபவர் அரியர். அவர் செதுக்கிய சொற்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக்கூடியவை அல்லவே. அவை மக்கள் வாயில் கலந்துவிட்டன.

நமக்கும் அவருக்கும் இடையில் இருந்த மதில்

"சுவாமி, அவர் பெரியவர்தாம். ஆனால் நமக்கென்ன உறவு?" என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். நேர்மையாகவே பேசுவோம். அக்காலத்தில் இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் உறவாக எண்ணவில்லை. அவர்கள் நம்மை விக்கிரக ஆராதனைக்காரர் என்றார்கள்; நாம் அவர்களைப் பதிதர் என்றோம். பிறசபையாரின் வழிபாட்டில் பங்குகொள்வதையும், அவர்கள் பதிப்பித்த வேதப் புத்தகத்தை வாசிப்பதையும் 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விலக்கியிருந்தது. ஒரே ஆண்டவரை வழிபட்டும், ஒரே மொழியில் வழிபடவில்லை. நம் பாட்டிமார் சர்வேசுரன் என்றார்கள். அவர்கள் பராபரன் என்றும் தேவன் என்றும் சொன்னார்கள். நாம் சேசுநாதர் என்றோம். அவர்கள் இயேசு என்றார்கள். நாம் இஸ்பிரீத்து சாந்து என்றோம். அவர்கள் பரிசுத்த ஆவி என்றார்கள். ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் இரண்டு வீட்டார், ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டு மொழியாராயினர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த மதிலில் வாசல் திறந்தது. கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏடு 1964-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் வெளியிடப்பட்டது. ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்துவை விசுவசிக்கும் அனைவரும் நம் சகோதரர் என்று அது அறிவித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வந்த இறைவெளிப்பாட்டைப் பற்றிய ஏடு, பிரிந்த சகோதரரோடு சேர்ந்தும் திருமறையை மொழிபெயர்க்கலாம் என்று இடமளித்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டில் கத்தோலிக்க அறிஞரும் பிறசபை அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நாம் குருத்துவப் படிப்பில் இருந்த காலம் அது. புதுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, 'கடவுள்' என்ற ஒரே சொல்லை இருதரப்பாரும் ஏற்றிருந்ததைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது. நம் பூசையில் இன்று நீங்கள் கேட்கும் வாசகங்கள் அந்நூலினின்று வருபவையே.

இங்கே ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. பெர்சிவலும் நாவலரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850-இல் வந்தது. கிறிஸ்தவராகிய நாமும் பிரிந்த சகோதரரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது. இடையில் 145 ஆண்டுகள். ஒரு பாதிரியாரும் திருநீறு பூசிய ஒரு சைவரும் திருமறையின்முன் கூடி அமர முடிந்தது. ஒரே ஆண்டவரை ஆண்டவர் என்று அழைக்கும் நாமோ கூடி அமர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இதைப் பிறரைக் குறைசொல்ல எழுதவில்லை. நம் நெஞ்சில் நாமே கைவைத்துப் பார்க்க எழுதுகிறோம்.

குடும்பம் என்பது எதுவரை?

வம்சவழிப் பட்டியலோடு தொடங்குகிறது மத்தேயு நற்செய்தி. அதில் உரூத்து என்னும் பெண்ணின் பெயர் உண்டு. அவள் மோவாபு தேசத்தாள். வேறு குலத்தில் பிறந்து இஸ்ராயேல் வீட்டுக்கு மருமகளாய் வந்தவள். கணவன் இறந்தபின்னும் மாமியார் நகோமியைக் கைவிடாமல் பின்சென்றவள். அவளுடைய பேரனின் மகன் காலத்துக்கு அப்பட்டியலில் ஓர் அரச வம்சமே வந்துவிட்டது. நம் ஆண்டவரும் அவ்வம்சத்தில் பிறந்தார். வெளியிலிருந்து வந்தவள் என்று அவள் பெயரை விட்டுவிடத் திருமறை ஆசிரியருக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பட்டியலிலிருந்து அம்மாயியின் பெயரை விட்டுவிட நமக்கு மட்டும் எப்படி மனம் வரும்?

ஆனால் வேறு சபையில் மரித்தவருக்காக நாம் ஜெபிக்கலாமா, பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 901-ஆம் சட்டம், வாழ்வோர் இறந்தோர் எவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமையுண்டு என்கிறது. எனவே உங்கள் பாட்டிக்கோ, மாமனாருக்கோ, சம்பந்திக்கோ, அவர் எச்சபையில் மரித்திருந்தாலும், தயங்காமல் வந்து பூசைக்கு எழுதிக் கொடுங்கள். மரித்தோருக்காக ஜெபிப்பது நல்லதென்று மக்கபேயர் நூலில் வாசிக்கிறோம். அந்நூல் பிரிந்த சகோதரரின் வேதப் புத்தகத்தில் இல்லை. அவர்கள் தங்கள் மரித்தோருக்காக ஜெபிக்காத இடத்தில், நாம் அவர்களுக்கும் சேர்த்து ஜெபிப்போம். உறவினருக்காகச் செய்யும் உபகாரம் அதுவன்றோ?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் அடக்கப் புத்தகத்தையும் இம்மலருக்காகப் புரட்டிப் பார்த்தோம். பெயர் இருக்கிறது, பெற்றோர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, குருவின் கையெழுத்து இருக்கிறது. வாழ்க்கை இல்லை. யார் விடியற்காலையில் விளக்கேற்றினார், யார் பசித்தவருக்குத் தம் கஞ்சியைப் பகிர்ந்தார், யார் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்காது. புத்தகம் எழுதிய பெர்சிவலைக்கூட அவர் கண்மூடிய ஊரார் மறந்தோம் என்றால், ஒரு வரியும் எழுதாமல் காபிக்கொட்டை பறித்தே காலங்கழித்த நம் தாய்மாரை அடுத்த தலைமுறை நினைக்குமா? எழுதி வைத்தால் நினைக்கும். அந்தப் பாதிரியார் பழமொழிகளைக் கேட்டு எழுதினாரே, அதுபோல நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் கண்ணும் வாயும் திறந்திருக்கும்போதே கேளுங்கள்.

யூபிலியின் விண்ணப்பம்

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது கடன் தீர்க்கும் ஆண்டு. விற்றுப்போன காணி உரியவரிடம் திரும்பும் ஆண்டு. பிரிந்துபோனவர் தம் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. நம் யூபிலியும் அவ்வாறு அமையவேண்டுமானால், பங்கு மக்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறோம்.

முதலாவது, வருகிற நவம்பர் மாதத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் மரித்தோரின் பெயர்களையும், அவர்களைப் பற்றி ஒரு நற்செய்தியேனும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கோயிலில் சேர்ப்பிக்கவேண்டும். பிறசபையில் மரித்த உறவினரையும் அதில் எழுதுங்கள். அவர்களுக்கென்று தனிப் பக்கம் வேண்டாம். குடும்பத்தாரோடு சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது, நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு முடிந்தபின், அச்சபையாரின் இசைவோடு நாமும் உங்களுடன் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறோம். அம்மாயிமாரின் கல்லறைகளின்முன் நின்று ஜெபிப்போம். அப்போது இம்மலையில் கண்மூடிய பெர்சிவல் பாதிரியாரையும், இங்கே இளைப்பாறும் அவர் மருமகனையும் பெயர் சொல்லி நினைப்போம். இனி யாரும் தவறு செய்பவர்போல மறைவாய்ப் போகவேண்டியதில்லை. வாசல்வழியே, பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போவோம்.

நோட்டுத் தாளோடு வந்த அத்தாய்க்கு நம் பதில் இதுவே: போடலாம், அம்மா. அம்மாயியின் பக்கம் இம்மலரில் மற்ற முன்னோரின் பக்கங்களுக்கிடையே அச்சாகியிருக்கிறது. அவர் மடியில் வைத்து வாசித்த தமிழ் வேதம் பெர்சிவல் போன்ற பலர் கண்விழித்துச் செப்பனிட்ட பாதையில் வந்தது. அதை வாசிக்கக் கற்ற அவர் பேரப்பிள்ளைகளுள் ஒருவர்தாம் இன்று நம் கோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்கிறார். குரல் தெளிவாக இருக்கிறதே, எங்கே கற்றாய் என்று முன்பொருமுறை கேட்டோம். "அம்மாயிகிட்டங்க, சாமி" என்றார். அன்று அதன் பொருள் நமக்கு முழுதும் விளங்கவில்லை.

மரித்த விசுவாசிகள் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. ஒரே மந்தையும் ஒரே மேய்ப்பரும் ஆகும் நாளை நம் மலைக்கும் காட்டுவாராக. யூபிலி கொண்டாடும் உங்கள் அனைவர்மீதும், உங்கள் வீட்டுப் பெரியோர்மீதும், உங்கள் வீட்டுக்கு வாழவந்த மருமக்கள்மீதும், எல்லாம் வல்ல இறைவனின் ஆசீர் நிறைவாய் இறங்குவதாக.

ஆண்டவரில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை